நாற்பத்து மூன்றாம் அத்தியாயம்

கற்பிட்டியில் ஸும்ராவைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். முன்பள்ளியில் அவள் கதை சொல்லத் தொடங்கினால், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாரும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள் என்பது ஒன்று. கையில் ஒரு மர்மக் கதை கிடைத்துவிட்டால் அடுப்பில் சோறு கரிந்தாலும் எழும்பமாட்டாள் என்பது மற்றது. இரண்டும் பொய்யில்லை.

அழுகைக் கதைகள் அவளுக்குப் பிடிக்காது. புத்தி சொல்லும் கதைகளை நாலு பக்கத்தோடு மூடிவிடுவாள். முதல் பக்கத்தில் யாராவது காணாமல் போகவேண்டும், மூன்றாம் பக்கத்தில் ஒரு கதவு உள்ளேயிருந்து பூட்டியிருக்கவேண்டும், பத்தாம் பக்கத்துக்குள் குகையோ, கடற்பூதமோ, பேசுகிற கல்லோ வந்துவிடவேண்டும். "கதையெண்டா ஓடணும். நானும் பின்னால ஓடி மூச்சு வாங்கணும்" என்பாள். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியபோது அவளுக்கு இரண்டு வயது. அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவளுக்குப் புத்தகம் கிடைப்பதே பெரும்பாடு. ஒரே கதையைப் பதினொரு தரம் படித்திருக்கிறாள். பன்னிரண்டாம் தரமும் கொலைகாரன் அகப்படும் இடத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் ஃபாஹிமுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் உச்சமுனைத் தீவுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றியிறக்கும் வள்ளம் ஓட்டியவன். எழுத்துக்கும் அவனுக்கும் சின்ன வயதிலிருந்தே ஒத்துவரவில்லை. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் மேல்வரி வந்து கலந்துவிடும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான்.

கல்யாணமாகி மூன்றாவது கிழமை. பகல் சாப்பாட்டுக்கு வந்தவன், புத்தகத்தோடு கட்டிலில் குந்தியிருந்தவளைப் பார்த்தான். வாயில் வைத்த விரலை எடுக்க மறந்து அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பிடி என்ன எழுதிக் கிடக்கு?"

"சொன்னா விளங்காது மச்சான். இருங்க, வாசிக்கிறன்."

ஒரு பக்கம் என்றுதான் தொடங்கினாள். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னபோது அறுபதாவது பக்கம். இறங்குதுறையில் ஆட்கள் அவனுக்குக் காத்திருந்து ஏசிவிட்டு, வேறு வள்ளத்தில் போயிருந்தார்கள்.

அதன்பிறகு அது வழக்கமானது. பகலில் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவன் தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டு படுப்பான், அவள் வாசிப்பாள். குத்துவெட்டு வரும்போது குரல் தாழும், குகைக்குள் போகும்போது மூச்சு மட்டுமே கேட்கும். எங்காவது நிறுத்தித் தண்ணீர் குடித்தால் அவனுக்குப் பொறுக்காது. "பொறகு? பொறகென்ன நடந்த?" என்று அவள் காலைப் பிடித்து உலுக்குவான்.

மகள் ஸஃப்னா பிறந்தாள். வள்ளத்தின் எஞ்சின் பழுதாகிப்போய்த் திருத்த வழியில்லாமல் நின்றது. கூரையில்லாமல் நின்ற அரைச்சுவர் வீட்டைப் பார்த்துப் பார்த்து, இரண்டாயிரத்துப் பதினைந்தில் ஃபாஹிம் கட்டாருக்குப் போனான். பாலைவனத்தில் வீதி போடும் இடங்களுக்குத் தண்ணீர் ஏற்றிப்போகும் பவுசர் ஓட்டும் வேலை.

போன புதிதில் தினமும் பேசினார்கள். பேசுவதற்கு என்ன இருக்கும்? சாப்பிட்டீங்களா, ஓம், புள்ள தூங்குதா, ஓம், அங்க வெயிலா, ஓம். அடுத்த வருஷக் கடைசியில் ஒருநாள் அவனே சொன்னான்:

"புள்ள, ஒரு கதைய எடுத்து வாசிச்சு வொய்ஸ் போட்டு அனுப்பேன். ரூமுக்கு வந்தா சுவரத்தான் பாத்துட்டு இரிக்கம்."

புத்தளம் டவுனில் பழைய பாடப்புத்தகம் விற்கும் கடையொன்றில் ஸும்ரா ஒரு தடித்த புத்தகத்தை வாங்கி வைத்திருந்தாள். அட்டை கிழிந்து, எழுதியவரின் பெயரும் போயிருந்தது. உள்ளே மட்டும் ஒரு பக்கம் குறையவில்லை. நாற்பத்து மூன்று அத்தியாயம். கிழமைக்கு ஒன்றாக, முன்னால் எட்டிப் பார்க்காமல், அவனோடு சேர்ந்தே வாசிப்பது என்று வைத்துக்கொண்டாள்.

கடலோரத்தில் வெள்ளை மணலால் கட்டிய ஒரு பட்டணம். அங்கே ஆட்களின் நிழல்கள் ஒவ்வொன்றாகக் களவு போகின்றன. நிழலைப் பறிகொடுத்தவனை அடுத்த நாளிலிருந்து ஊர் மறக்கத் தொடங்கும். ஏழாம் நாள் பெற்ற தாய்க்கே அவனை அடையாளம் தெரியாது. ஆதிரை என்ற ஓடக்காரப் பெண்ணின் தம்பிக்கு நிழல் போய்விடுகிறது. ஏழு நாளுக்குள் திருடனைப் பிடிக்க அவள் கிளம்புகிறாள். அவள் ஓடுகிற ஓட்டம்தான் கதை. சுரங்கம், நடக்கும் கல் யானை, தண்ணீருக்கடியில் ஒரு சந்தை.

பகல் லுஹர் தொழுது, ஸஃப்னா தூங்கியதும், ஸும்ரா கதவைச் சாத்திக்கொண்டு போனை வாய்க்கருகே பிடிப்பாள். முதல் அத்தியாயத்தை அனுப்பிய மறுநாள் ஃபாஹிம் வெட்கத்தோடு சொன்னான்: "ரூம்ல எல்லாரும் கேட்டாங்க. குறை நினைக்காத. போனை நடுவுல வச்சிட்டம்."

அந்த அறையில் எட்டுப் பேர். புத்தளத்து ஹமீட், மட்டக்களப்பார் இருவர், முந்தலைச் சேர்ந்த மார்சலின் என்ற வயதில் மூத்த மேசன், ராமநாதபுரத்துச் சமையல்காரர், இன்னும் சிலர். கிழமை போகப்போக அவர்களுக்குள் கட்சி பிரிந்தது. கதையில் வரும் வைத்தியர்தான் திருடன் என்று ஹமீட் சத்தியம் செய்தான். கலங்கரை விளக்கக் காவலன் என்று ஃபாஹிம். குருட்டு மந்திரிக்கு உண்மையில் கண் தெரியும் என்று மட்டக்களப்பார் சண்டை பிடித்தார்கள். ஸும்ரா அதையெல்லாம் கேட்டுச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, போனை வைத்தபிறகு அந்த அறையில் எட்டாவது கட்டிலின் விளிம்பில் அவன் எப்படிக் குந்தியிருப்பான் என்று யோசிப்பாள். முகம் வரும். கை எப்படி இருக்கும், மடியிலா, தலைக்குக் கீழா, அதுதான் வராது.

ஒருநாள் அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது, பாண் விற்கும் ஓட்டோ தன் மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் போனது. அதன் பின்னாலேயே ஒரு கழுதை கத்தியது. அழித்துவிட்டுத் திரும்ப வாசிக்க நேரமில்லை, மன்னிப்புக் கேட்டு அனுப்பினாள். ஃபாஹிமின் பதில் வந்தது: "அத அழிச்சிடாத. மார்சலின் அண்ணன் பாண் ஓட்டோ போற இடத்த மட்டும் நாலு தரம் போடச் சொல்லிக் கேட்டாரு."

நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தின் கடைசியில் ஆதிரை திருடனை ஒரு மாடத்தில் மடக்குகிறாள். பாய்ந்து முகத்திரையைக் கிழிக்கிறாள். கிழித்தவள், இரண்டடி பின்னால் போய், "நீங்களா?" என்கிறாள். அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்தது.

அது இரண்டாயிரத்துப் பதினேழு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஃபாஹிம் வருவதாக இருந்தது. அலுமாரியில் அவனுடைய சாரன்களைத் தோய்த்து மடித்து வைத்திருந்தாள். பக்கத்து நாடுகள் கட்டாரோடு கோபித்து எல்லையை மூடியிருந்த நேரம் அது. வேலை பிந்துகிறது, ஒருத்தருக்கும் லீவில்லை, வருகிற வருஷம் பார்க்கலாம் என்று கம்பனி சொல்லிவிட்டது. அவன் அதைச் சொன்னபோது ஸும்ரா நாற்பத்து மூன்றாம் அத்தியாயத்தை விரித்து வைத்து, முதல் வரியில் விரலை ஊன்றியபடி இருந்தாள்.

புத்தகத்தை மூடினாள்.

"அப்ப கடைசி அத்தியாயத்தையும் வந்தே கேளுங்க."

"என்ன புள்ள, வெளாடாத. இஞ்ச எல்லாரும் திருடன் ஆரெண்டு பைத்தியம் புடிச்சித் திரியிறாங்க."

"நானும் வாசிக்கல்ல. வாசிக்கவும் மாட்டன். நீங்க வந்து படுத்தாத்தான் வாசிப்பன்."

அவன் சிரித்தான். பிறகு கெஞ்சினான். பிறகு கோபித்தான். அவள் அசையவில்லை. அன்று வரை ஒரு கதையைப் பாதியில் விட்டு உறங்காதவள், "நீங்களா?" என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் அந்தப் புத்தகத்தைச் சாரன்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சோறு வடிக்கும்போதும், பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லும்போதும் யாராயிருக்கும் என்ற நினைப்பு வரும். மூன்று தரம் அலுமாரியைத் திறந்தாள். மூன்று தரமும் திரும்பப் பூட்டினாள். அவன் வருவதற்கென்று அவள் கையில் இருந்த ஒரே பிடி அதுதான்.

பிடி என்று நினைத்தாளே தவிர, கதை நின்றதோடு பேச்சும் நின்றது. சாப்பிட்டீங்களா, ஓம். அங்க வெயிலா, ஓம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றானது, பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் என்றானது. வேறு கதை ஒன்று வாசிக்கவா என்று கேட்க வீம்பு விடவில்லை. அவனும் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து, தை மாதத்து ஒரு காலையில், அறிமுகமில்லாத ஒரு மனுசி வாசலில் வந்து நின்றாள். கையில் பைநிறைய இறால். கழுத்தில் சின்னச் சிலுவை.

"கதை வாசிக்கிற தங்கச்சி நீங்கதானே? நான் பிரான்சிஸ்கா. மார்சலின்ட வைஃப். முந்தல்ல இருந்து வாறன்."

ஸும்ரா கதிரையை இழுத்துப் போட்டாள். பிரான்சிஸ்கா இருக்காமலே சொன்னாள். மார்சலினுக்கு இரண்டு கிட்னியும் பழுது. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை கம்பனி ஊருக்கு அனுப்பிவிட்டது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். மற்ற நாட்களில் கட்டில்தான்.

"அனே தங்கச்சி, வீட்டுக்கு வந்து ஒண்டும் கேக்கல்ல மனுசன். சாப்பாடு கேக்கல்ல, ஆக்களப் பாக்கணும் எண்டு கேக்கல்ல. இந்தக் கதைட முடிவ மட்டும் கேட்டுட்டே இரிக்காரு. உங்கட மாப்பிள்ளதான் அட்ரஸ் தந்த. நீங்க வாசிக்க மாட்டீங்களெண்டும் சொன்னாரு. நான் சும்மா கேட்டுப் பாக்க வந்த."

ஸும்ராவுக்கு முகம் சுட்டது. தானும் அவனும் பிடித்த இழுபறிக்குள் இப்படியொரு மனிதர் அகப்பட்டிருப்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. உள்ளே போய் அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். ஸஃப்னாவுக்குச் சப்பாத்தை மாட்டினாள். பாலாவி வரை ஒரு பஸ், அங்கிருந்து முந்தல் வழியாகப் போகும் சிலாபம் பஸ். மடியில் புத்தகம் இருந்தது. முழு வழியிலும் அவள் அதைத் திறக்கவில்லை.

தென்னந்தோட்டத்துக்கு நடுவில் ஒரு சின்ன வீடு. மார்சலின் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. அவள் வாய் திறந்து "எப்படி இரிக்கீங்க அண்ணன்?" என்றதும், அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

"இந்தக் குரல் கேட்டா எனக்கு ரூமில இரிக்கிற மாதிரித்தான். பாண் ஓட்டோக்காரன் சுகமா?"

ஸும்ராவும் சிரித்துவிட்டாள்.

"தங்கச்சி, நான் ஒண்டு சொல்லணும்" என்றார் அவர். "திருடன் ஆரெண்டு எனக்குத் தெரியும். எங்கட சமையல்காரன் இருக்கானே, ராமநாதபுரத்தான், அவன் சின்னவயசில இந்தக் கதையப் படிச்சவன். நீங்க நிப்பாட்டினதும் அவன்தான் சொல்லிப்போட்டான்."

"தெரியுமெண்டா பொறகு ஏன் அண்ணன்?"

"ஆரெண்டுதான் சொன்னான். ஏனெண்டு அவனுக்கு ஞாபகமில்ல. ஒரு பேரச் சொன்னா அது கதையா? அண்டைக்கு எல்லாருக்கும் சப்பெண்டு போயிட்டுது." இளைப்பாறிவிட்டுச் சொன்னார்: "உங்கட ஃபாஹிம் மட்டும் கேக்கல்ல. சமையல்காரன் வாயத் திறக்க முதல் ரெண்டு காதையும் பொத்திட்டு வெளிய போய் நிண்டான். என்ன வெயில் தெரியுமா அது? உள்ள வாடாண்டு கூப்பிட்டாலும் வாறானில்ல. 'என்ட மனிசிட வாயாலதான் கேப்பன்' எண்டான். அதுக்குப் பொறகு ரூமில ஆர் அந்தக் கதைய எடுத்தாலும் எழும்பிப் போயிருவான். நாலு மாசமா அப்படித்தான்."

ஸும்ரா எழுந்து முற்றத்துக்குப் போனாள். ஸஃப்னா கோழிகளைத் துரத்திக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். அது அவன் வேலை நேரம். இருந்தும் இரண்டாவது மணிக்கே எடுத்தான். பின்னால் பவுசர் உறுமியது.

"நான் மார்சலின் அண்ணன்ட வீட்டுல இரிக்கன். அவருக்கு வாசிக்கப் போறன். நீங்களும் லைன்ல நில்லுங்க."

அவன் எஞ்சினை நிறுத்தினான்.

"நீ அவருக்கு வாசி புள்ள. முழுசா வாசி. எனக்கு அனுப்பாத. நான் வந்து கேக்குறன்."

"வீம்பா?"

"வீம்பில்ல. சத்தியமா வீம்பில்ல. வீட்டுக்கு வந்து செய்யிறதுக்கு ஒரு வேலை இரிக்கணும்தானே."

அவள் உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். பிரான்சிஸ்கா அடுப்படி வேலையை விட்டு நிலைக்கதவில் சாய்ந்தாள். ஸும்ரா வாசித்தாள்.

முகத்திரைக்குப் பின்னால் இருந்தவன், பட்டணத்தின் மணிக்கூண்டில் உச்சிப் பொழுதுக்கு மணியடிக்கிறவன். மூன்றாம் அத்தியாயத்திலேயே வந்தவன்தான், ஒருத்தரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. உச்சி வெயிலில் நிழல் காலடியில் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கும். மணி கேட்டதும் எல்லோரும் நின்று மேலே பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அதை மடித்து எடுத்துவிடலாம். ஸும்ராவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை மணியடிப்பு! ஒவ்வொன்றையும் அவளே தன் வாயால் வாசித்திருக்கிறாள். ஒருதரம்கூட யோசிக்கவில்லையே!

பிறகு ஏன் என்ற இடம் வந்தது. மணியடிக்கிறவன் ஒருகாலத்தில் கப்பலோடியவன். பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பியபோது, அவனுக்கு நிழல் இருக்கவில்லை. பெண்சாதி கதவைத் திறந்து, யார் நீங்கள் என்று கேட்டாள். அன்றிலிருந்து அவன் ஊராரின் நிழல்களை ஒவ்வொன்றாகத் திருடி, காலில் தைத்துக்கொண்டு, அவள் வாசலில் போய் நின்றிருக்கிறான். இந்த நிழலோடாவது தெரிகிறதா, இந்த நிழலோடாவது தெரிகிறதா என்று.

ஸும்ரா பக்கத்தைத் திருப்பினாள். நிறுத்தவில்லை.

ஆதிரை அந்தப் பெண்சாதியின் வீட்டுக்கு ஓடுகிறாள். அங்கே ஒரு பெட்டி. அதற்குள் அவனுடைய சொந்த நிழல் மடித்தபடி இருக்கிறது. அவன் கப்பலேறிய நாளில், திரும்பி வரவேண்டும் என்பதற்காக அவளே எடுத்துப் பூட்டி வைத்தது. பூட்டியதால்தான் அவனை மறந்தாள், மறந்ததால் பெட்டியில் என்ன இருக்கிறதென்பதும் அவளுக்கு மறந்துபோனது.

அந்த இடத்தில் ஸும்ராவால் வாசிக்க முடியாமல் போயிற்று. புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிரான்சிஸ்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மார்சலின் அவசரப்படுத்தவில்லை. குடித்துவிட்டு, மீதி இரண்டு பக்கத்தையும் வாசித்து முடித்தாள்.

மார்சலின், "இதத்தான் அந்தச் சமையல்காரன் மறந்திருக்கான்" என்றார். "இத எப்பிடி மறப்பான் ஒருத்தன்?"

அன்று மாலை வீடு வந்ததும் ஸும்ரா ஃபாஹிமிடம், "அனுப்பிவிடட்டா? எனக்கு இனி இத வச்சிருக்க ஏலா" என்றாள். "வேணாம்" என்றான் அவன். அவள் வற்புறுத்தவில்லை. அந்தக் கிழமையே வேறொரு கதையைத் தொடங்கினாள், பாழடைந்த அரண்மனையும் பேசும் கிளியும் வருகிற கதை. எட்டுப் பேர் இருந்த அறைக்கும் போனது, முந்தலுக்கும் போனது. கதை திரும்பியதும் பேச்சும் திரும்பியது. இடையிடையே அவன் பழையதைக் கிளறுவான்: "காவலன்தானே? ஓமெண்டு மட்டும் சொல்லு." அப்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மணியடிக்கிறவனும் அவன் பெண்சாதியும் அவள் நெஞ்சுக்குள் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். சொல்லிவிடவேண்டும் என்று துடிக்கும். ஆனால் போனில் அல்ல, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். கட்டிலில் அவன் படுக்கும் பக்கத்துத் தலையணையை அவள் ஒருநாளும் எடுத்து வைக்கவில்லை.

மார்சலின் அடுத்த இரண்டு கதைகளைக் கேட்டார். மூன்றாவதின் பாதியில் போய்விட்டார். அடக்கம் முடிந்து எட்டாம் நாள் பிரான்சிஸ்காவிடமிருந்து செய்தி வந்தது: "மிச்சத்த எனக்கு அனுப்புங்க தங்கச்சி. நிப்பாட்டிடாதீங்க."

ஃபாஹிம் பத்தொன்பதாம் ஆண்டு மாசியில் வந்தான். நாற்பத்தைந்து நாள் லீவு. முதல் நாள் சொந்தக்காரர் வந்தார்கள். இரண்டாம் நாள் முந்தலுக்குப் போய் மார்சலினின் கல்லறையில் நின்றுவிட்டு வந்தான். மூன்றாம் நாள் பகல் சாப்பிட்டுக் கை கழுவினான். மெலிந்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தான். கையை எங்கே வைக்கிறான் என்று ஸும்ரா பார்த்தாள். இடது கை தலைக்குக் கீழே, வலது கை நெஞ்சில்.

அவள் வாசித்தாள். மணியடிக்கிறவன் என்றதும் அவன் துள்ளியெழும்பி, "அடப்பாவி! மூணாவதுலயே வந்தானே!" என்று தொடையில் அடித்தான். திரும்பப் படுத்துக் கேட்டான். பெண்சாதி கதவைத் திறக்கும் இடத்தில் அவனுடைய மூச்சு மாறியது. பெட்டி திறக்கும் இடம் வந்தபோது கையை நீட்டிப் பக்கத்தை மறைத்தான்.

"மிச்சம் வேணாம். அத நான் போற அண்டைக்கு வாசி."

ஒருகாலத்தில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க விடாதவன்.

ஸும்ரா அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெயிலில் தோல் உரிந்து உரிந்து கரடுமுரடாகியிருந்தது.

"இல்ல மச்சான். இனி நான் ஒண்டையும் பூட்டி வைக்க மாட்டன். கேளுங்க."

அவள் கடைசி வரி வரை வாசித்தாள். மூடிய கண்ணோடு அவன் கிடந்தான், தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இன்னும் நாற்பத்திரண்டு நாள் இருந்தது.